சொல்லுக்கா, மணிக்கா, மொத்தமாகவா? டர்பனில் எழுதிப் பிழைப்பவரின் கூலிக் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஃப்ரீலான்ஸாக எழுதுகிறவரிடம் "ஒரு சொல்லுக்கு எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்பவருக்கு அது வசதி. எழுதுபவருக்குப் பல நேரம் கட்டுப்படியாகாது.

கணக்குப் போட்டே பார்ப்போம். வீட்டுச் செலவு, வரி, சேமிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ராண்ட் தேவை, காசு வரும் வேலைநேரம் 100 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 250 ராண்டுக்குக் கீழே இறங்க முடியாது. சொல்லுக்கு 1.50 ராண்ட் என்றால் 1,500 சொல் கட்டுரைக்கு 2,250 கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்தே ஆறு மணி நேரத்தில் முடித்தால் மணிக்கு 375, நல்ல கூலி. அதே கட்டுரைக்கு, நம்மவர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக்குப் போய் இரண்டு பெரியவர்களிடம் பேசி, ஒலிப்பதிவை மறுபடி கேட்டு எழுதினால் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 187.50. கைநஷ்டம்தான்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதென்றால் சொல் கணக்கு சரி. ஆனால் மூலத்தின் சொற்களை எண்ணச் சொல்லுங்கள். தமிழில் உருபுகள் ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறைந்து, நம் கூலியில் துண்டு விழும்.

மணிக்கணக்கு, பிறர் எழுதியதைத் திருத்தும் வேலைக்கு ஏற்றது. பிரதி எந்த நிலையில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாதே. எழுதுவதற்கு வேண்டாம். கை பழகப் பழக நேரம் குறையும், கூடவே கூலியும் குறையும். இது அநியாயம்.

மாதாமாதம் ஒரே நிறுவனத்துக்கு எழுதினால் நிலையான தொகை வரும். ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் புரொவிஷனல் வரி (வருமானத்தை மதிப்பிட்டு முன்கூட்டியே கட்டும் வரி) கட்ட வேண்டிய நமக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் 1978 பதிப்புரிமைச் சட்டப்படி, ஃப்ரீலான்சர் எழுதிய கட்டுரையின் உரிமை, கையெழுத்திட்டு மாற்றித் தராதவரை அவருக்கே. உரிமையை மாற்றித் தரும் வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் விலையைக் கூட்டிக் கேளுங்கள்.

நம் ஊர் வேலைகளுக்கு நான் சொல்வது மொத்தத் தொகைதான். கோயில் ஆண்டுவிழா மலரை எடுத்துக்கொள்ளுங்கள். 1860-இல் நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோ வந்ததிலிருந்து தொடங்க வேண்டும். பழைய கமிட்டிக் குறிப்புகளைப் புரட்ட வேண்டும். எழுதிக் கொடுத்தபின் தலைவர் ஒன்று சொல்வார், செயலாளர் வேறொன்று சொல்வார், அப்புறம் விட்டுப்போன தாத்தா ஒருவரின் பெயரோடு ஒரு குடும்பம் வந்து நிற்கும். அந்தக் குடும்பத்தின் கேள்வி நியாயமானது, சேர்க்கத்தான் வேண்டும். அதனால் எத்தனை பக்கம், எத்தனை பேட்டி, இரண்டே சுற்றுத் திருத்தம், அதுவும் ஒருவர் வழியாகவே, பாதிப் பணம் முன்பணம் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மூன்றாவது சுற்றுக்குத் தனி விலை.

"சாமி காரியத்துக்குக் காசா?" என்று கேட்பார்கள். அச்சகத்துக்கும் பந்தலுக்கும் காசு கொடுக்கிறார்கள், எழுத்தும் உழைப்புதான். குறைத்துக்கொள்ள மனசிருந்தால் தாராளமாகக் குறையுங்கள். ஆனால் பில்லில் முழுத்தொகையைப் போட்டு, கீழே கழிவைத் தனியாகக் காட்டுங்கள். அடுத்து வரும் கமிட்டி விலை பேசுமுன் பழைய பில்லைத்தான் எடுத்துப் பார்க்கும்.