குவாரி டிப்பர் டிஸ்பாட்ச் ஆப், ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

நமக்கு திருவையாறு பக்கம். கொள்ளிடம் பாலம் தாண்டி அரியலூர் சைடுல சிமெண்ட் பேக்டரிக்கு சுண்ணாம்புக்கல் போற குவாரி ஒண்ணுல 8 டிப்பர் விட்டுருக்கேன். போன குறுவை அறுப்பு முடிஞ்ச கையோட, எந்த வண்டி எப்ப எங்க போகணும்னு சொல்லுற இந்த டிஸ்பாட்ச் ஆப் சர்வீஸ எடுத்தேன், வண்டிக்கு வண்டி ஜிபிஎஸ் பெட்டி, பொக்லைன்ல ஒண்ணு, சூப்பர்வைசர் கைல ஒரு டேப். கம்பெனி பேரு வேணாம்.

மொத வாரத்துலயே வெவரம் தெரிஞ்சு போச்சு. பொக்லைன் ஒரு வண்டிய ரொப்ப 4 நிமிஷம், ரொப்புறதுல இருந்து ராம்ப், அதான் குழிக்குள்ள எறங்குற சரிவு ரோடு, ஏறி கிரஷர்ல கொட்டிட்டு காலியா திரும்புற வரைக்கும் மொத்தம் 24 நிமிஷம், அப்ப 6 வண்டி போதும். நாங்க 8 விட்டதால நடைக்கு 8 நிமிஷம் ஒவ்வொரு வண்டியும் இஞ்சின ஓட விட்டுக்கிட்டு சும்மா நின்னுருக்கு. அறுப்பு மிஷின் ஒண்ணே ஒண்ணு இருக்கயில வரப்புல நாலு டிராக்டர் நின்னா நெல்லு சீக்கிரம் வந்துருமா? 2 வண்டிய மேல்மண் அள்ளுற எடத்துக்கு மாத்துனோம், கல்லு நடை ஒண்ணுகூட கொறையல.

குழி எறங்க எறங்க கணக்கும் மாறும். ராம்ப் ஏத்தம் 16க்கு 1ன்னு போட்டா 6 மீட்டர் பெஞ்ச் (குழியில படி படியா வெட்டுற தட்டு) ஒண்ணு கீழ போனாலே ரோடு 96 மீட்டர் நீளுது, அத ஆப் தானா எடுத்துக்கிட்டு இப்ப இன்னொரு வண்டி போடுன்னு சொல்லுது. அதவிட எனக்குப் புடிச்சது கலவை. மேல் பெஞ்ச் கல்லும் கீழ் பெஞ்ச் கல்லும் ஒரே தரம் கெடையாது, சுண்ணாம்புச் சத்து ஏறி எறங்குனா பேக்டரியில சூளைக்கு ஆகாது, அதனால மேல 2 நடை கீழ 1 நடைன்னு டிரைவருக்கே ஸ்கிரீன்ல வந்துருது.

கொற என்னன்னா குழிக்குள்ள டவர் கெடையாது. ஐப்பசி மழையில கீழ் பெஞ்ச்ல தண்ணி நின்னுருச்சு, சூப்பர்வைசர் டேப்ல க்ளோஸ் போட்டாரு, அது போய்ச் சேரவே இல்ல, ஆப் பாட்டுக்கு வண்டிய கீழ அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில மனுஷன் ராம்ப் தலப்புல மழையில நனைஞ்சுக்கிட்டு செவப்புத் துணிய ஆட்டி ஆட்டி வண்டிய நிறுத்துனாரு. கம்பெனிக்கு போன் போட்டா "மேல வந்தா டேட்டா ஏறிடும்ண்ணே"ங்கிறாங்க, சேத்துல எறங்குன வண்டி எப்படி தம்பி மேல வரும்? ரெண்டு நாள் ஆளே வரல. அப்புறம் வந்து குழி ஓரத்துல கம்பம் நட்டு ஆண்டெனா வச்சாங்க, இப்ப பரவால்ல, ஆனா அதுக்குத் தனியா காசு வாங்கிட்டாங்க, அது எனக்கு இன்னும் ஆறல.

5க்கு 3.5 குடுப்பேன். எடுக்குறவங்க டெமோவ ஆபீஸ் ரூம்ல பாக்காதீங்க, குழிக்கு அடியில கூட்டிட்டுப் போயி காட்டச் சொல்லுங்க, ஆண்டெனா காசையும் மொதல்லயே பேசிருங்க.