ஆஸ்டெரிஸ்க் ஓட்ட எந்த சின்ன கம்ப்யூட்டர்? திருப்பூர் பனியன் யூனிட்ல அஞ்சு வருஷத்துக்கு மேல ஓட்டுன அனுபவம்

எங்க யூனிட்ல 16 எக்ஸ்டென்ஷன், ஆபீஸ், கட்டிங், செக்கிங், அயர்னிங், குடோன்னு ரெண்டு மாடிக்கும் சேர்த்து. 2019ல பழைய இன்டர்காம் பெட்டி போயிருச்சு, ரிப்பேருக்கு கேட்ட காசுல புதுசே வாங்கிரலாம் போல இருந்துச்சு, அதான் ஆஸ்டெரிஸ்க் பக்கம் வந்தேன், ஒரு கம்ப்யூட்டரையே போன் எக்ஸ்சேஞ்சா மாத்துற ஃப்ரீ சாஃப்ட்வேர் அது.

மொதல்ல ராஸ்ப்பெர்ரி பை 3பி, உள்ளங்கை சைஸ் கம்ப்யூட்டர் போர்டு. ராஸ்பிபிஎக்ஸ்னு பைக்காகவே பண்ணுன இமேஜ்ல ஆஸ்டெரிஸ்க்கும், அத பிரவுசர்லயே செட் பண்ற ஃப்ரீபிபிஎக்ஸும் ரெடியா இருந்துச்சு, எஸ்டி கார்டுல எழுதி போட்டா போதும். இத்தனூண்டு போர்டு தாங்குமான்னு எல்லாரும் கேப்பாங்க. நல்லாவே தாங்குது, ஏன்னா குரல டேட்டாவா மாத்துற முறைல (கோடெக்) ஜி.711னா ஒரு பக்க குரலுக்கு 64 கேபிபிஎஸ் தான், எல்லா போன்லயும் அதுல ஏ-லாங்கிற வகையவே வச்சுட்டா வர்ற பாக்கெட்ட அப்படியே அந்தப்பக்கம் தள்ளி விடுறது மட்டும்தான் அதோட வேலை. ஒரு போன் ஜி.729ங்கிற வேற கோடெக், இன்னொன்னு ஜி.711ன்னு கலந்து வச்சா தான் மாத்தி மாத்தி குடுக்க ப்ராசசர் கஷ்டப்படும்.

எனக்கு அடி விழுந்தது எஸ்டி கார்டுல. லாக், கால் ரெக்கார்ட் டேட்டாபேஸ்னு ராத்திரி பகலா எழுதிட்டே இருக்கும், நடுவுல கரண்ட் வேற போகும். 14வது மாசம் ஒரு திங்கக்கிழமை காலைல பூட்டே ஆகல. ஷிப்மென்ட் அன்னிக்கு சாயங்காலம், கட்டிங்ல இருந்து குடோனுக்கு ஒரு விஷயம் சொல்லணும்னா ஆள் மாடி ஏறி இறங்கணும், என்கிட்ட இருந்த பேக்கப்போ ரெண்டு மாசம் பழசு. அந்த நாள் இன்னும் மறக்கல.

அப்புறம் பழைய ஆபீஸ் சாமான் விக்கிறவர்கிட்ட ஹெச்பி டி620 தின் கிளையன்ட் (ஆபீஸ்ல சர்வரோட கனெக்ட் பண்ணி வேலை பார்க்க வைக்கிற சின்ன பெட்டி கம்ப்யூட்டர்) 3,200 ரூபாய்க்கு எடுத்தேன். ஃபேன் கிடையாது, எங்க ஊர்ல அதுவே பெரிய விஷயம், முன்னாடி ஒரு பழைய டெஸ்க்டாப் வச்சு பார்த்து மூணு மாசத்துல ஃபேன் பூரா பஞ்சு அடைச்சு நின்னுருச்சு. எம்.2 எஸ்எஸ்டி மாத்திக்கலாம், நான் 120 ஜிபி போட்டேன். கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகுற செட்டிங் பயாஸ்ல இருக்கு, வாங்குனதும் அத மொதல்ல மாத்திருங்க, இல்லன்னா ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் யாராவது போய் பட்டன் அமுக்கணும். இப்போ வரைக்கும் ஒரு நாள் கூட நின்னதில்ல.

பழைய ஃப்ரீபிபிஎக்ஸ் ஓடிட்டிருந்த லினக்ஸ் சென்ட்ஓஎஸ் 7, அதுக்கு 2024 ஜூன்ல அப்டேட் வர்றது முடிஞ்சுது, அதுனால டெபியன் 12ங்கிற லினக்ஸ்ல ஓடுற ஃப்ரீபிபிஎக்ஸ் 17க்கு மாறுனேன். இன்டெல், ஏஎம்டி மெஷின்னா அதோட இன்ஸ்டால் ஸ்க்ரிப்ட் நேரா ஓடும், அதுக்காகவே புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு தின் கிளையன்ட் தான் சொல்வேன். வீட்டுல நாலஞ்சு போன் மட்டும்னா பை போதும், ஆனா யூஎஸ்பி எஸ்எஸ்டில பூட் பண்ணுங்க.

ரூட்டர்ல 5060 போர்ட்ட, அதாவது இந்த போன்கள் ஆஸ்டெரிஸ்க்கோட பேசுற வழிய, இன்டர்நெட்டுக்கு தயவுசெஞ்சு திறக்காதீங்க. நான் திறந்த அன்னிக்கு ராத்திரியே லாக் பூரா யார் யாரோ பாஸ்வேர்ட் அடிச்சு பார்த்திருந்தாங்க. இப்போ வெளிய இருந்து பேசணும்னா வயர்கார்ட்ங்கிற விபிஎன் வழியா மட்டும்தான்.