மூன்றாவதாக வந்தவர்: ஜேலன் ஹர்ட்ஸும் அவருக்கு முந்தைய இரண்டு ஹைஸ்மன்களும்

2019 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆள்) ஆடும் ஜேலன் ஹர்ட்ஸ் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவர் நிலைமை கூட்டுக்குடும்பத்துக்குள் கடைசியாக நுழையும் மருமகளின் நிலைமைதான். மூத்தவள் ஊரே மெச்சும்படி சமைத்துவிட்டாள். இரண்டாமவள் மூத்தவளையே மறக்கடித்துவிட்டாள். மூன்றாமவள் எதை வைத்தாலும், வாயில் போடுவதற்கு முன்பே "பெரியவ வச்சா எப்படி இருக்கும் தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

மூத்தவர் பேக்கர் மேஃபீல்ட். கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டின் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை 2017-ல் வென்றவர். அடுத்தவர் கைலர் மர்ரே. 2018-ல் அதே கோப்பை. ஒரே கல்லூரியின் இரண்டு வெவ்வேறு குவாட்டர்பேக்குகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதை வாங்கியது அதற்கு முன் நடந்ததில்லை. இருவருமே கோப்பை வாங்கிய அடுத்த ஆண்டு, தொழில்முறை லீகான என்எஃப்எல் நடத்தும் வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்கள். ஹர்ட்ஸ் ஹைஸ்மனில் இரண்டாம் இடம். என்எஃப்எல் தேர்வில் 53-வது ஆள். இதை மட்டும் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை.

ஆனாலும் விவாதிக்கலாம். இந்த மூவரையும்போல நேர்மையாக ஒப்பிடக்கூடிய ஆட்கள் இந்த விளையாட்டில் அபூர்வம். மூவருக்கும் ஒரே தலைமைக் கோச், லிங்கன் ரைலி. அதே ஆட்டமுறை, அதே பிக் 12 தொடர், ஆளுக்கு 14 ஆட்டம். மூன்று ஆண்டுமே அணி 12 வெற்றி, 2 தோல்வி. மூன்று ஆண்டுமே பிக் 12 பட்டம். மூன்று ஆண்டுமே தேசிய அரையிறுதியில் தோல்வி. பாத்திரமும் அடுப்பும் மாறவில்லை, சமைத்த கை மட்டும் மாறியிருக்கிறது.

முதலில் எறிதல். மேஃபீல்ட் 2017-ல் 404 முறை எறிந்து 285-ஐச் சேர்ப்பித்தார்: 4,627 கெஜம், 43 டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது), 6 இண்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது). மர்ரே 377-க்கு 260: 4,361 கெஜம், 42 டச் டவுன், 7 இண்டர்செப்ஷன். ஹர்ட்ஸ் 340-க்கு 237: 3,851 கெஜம், 32 டச் டவுன், 8 இண்டர்செப்ஷன். வரிசை படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. எறிதலுக்கு மொத்தமாகக் கல்லூரி ஆட்டத்தில் போடும் மதிப்பெண்ணான பாஸர் ரேட்டிங் முறையே 198.9, 199.2, 191.2.

ஆனால் ஒரு எறிதலுக்கு எத்தனை கெஜம் என்று வகுத்துப் பாருங்கள். மேஃபீல்ட் 11.5. மர்ரே 11.6. ஹர்ட்ஸ் 11.3. எறிந்த பந்து சேர்ந்த விகிதம் 70.5, 69.0, 69.7. இவ்வளவு மாறுபட்ட மூன்று பேரிடமிருந்து கிட்டத்தட்ட ஒரே எண் வருகிறதென்றால், அதில் பெரும்பங்கு ரைலியுடையது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அவர் ஆட்டமுறையில் ரிசீவர்கள், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்கள், பக்கத்தில் எதிராளி இல்லாமல் நிற்பார்கள். ஓரளவு நல்ல கை இருந்தால் பந்து போய்ச் சேரும். மேஃபீல்ட் ரசிகர்களுக்கு இது பிடிக்காது. தெரியும்.

ஆக, ஆட்டமுறை சொன்னபடி நடக்கும்போது மூவரும் ஒன்று. நடக்காதபோது ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதில்தான் ஒப்பீடு இருக்கிறது.

மேஃபீல்ட் அப்போதும் எறிவார். பாதுகாப்பு வளையம் உடைந்து, இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு வரும்போது, பக்கவாட்டில் நாலு அடி வைத்து, பாதம் சரியாகத் தரையில் ஊன்றாமலேயே தோளை மட்டும் திருப்பி விட்டெறிவார். கண் மட்டும் கடைசிவரை ரிசீவரைத் தேடிக்கொண்டிருக்கும். அந்த ஆண்டு 97 முறைதான் பந்தோடு ஓடினார், 311 கெஜம். (கல்லூரிக் கணக்கில் சாக் வாங்கி, அதாவது எறிவதற்குள் மடக்கப்பட்டு, இழந்த கெஜத்தையும் ஓட்டக் கணக்கிலேயே கழித்துவிடுவார்கள். அதனால் மூவரின் ஓட்டமும் காகிதத்தில் தெரிவதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.)

மர்ரே தப்பிப்பார். ஐந்தடி பத்து அங்குலம்தான் உயரம். முன்வரிசையில் நிற்கும் தன் லைன்மேன்களுக்குப் பின்னால் நின்றால் ஆளே தெரியாது. பேஸ்பாலில் ஓக்லண்ட் அணி 2018 தேர்வில் ஒன்பதாவது ஆளாக எடுத்த கால் அது. அந்தக் காலின் வேகத்தை, பல்கலைக்கழகம் இருக்கும் நார்மன் ஊர் முதலில் முழுசாகப் பார்த்தது மேஃபீல்டின் புண்ணியத்தில் என்பது வேடிக்கை. 2017-ல் கேன்சஸ் ஆட்டத்தில் எதிரணி பெஞ்சைப் பார்த்து மேஃபீல்ட் செய்த ஆபாசச் சைகைக்காக, அடுத்த வெஸ்ட் வர்ஜீனியா ஆட்டத்தில் அவரைத் தொடக்கத்தில் உட்காரவைத்தார்கள். மர்ரே இறங்கினார். முதல் நகர்விலேயே 66 கெஜ ஓட்டம். பிறகு மேஃபீல்ட் எழுந்து வந்து வழக்கம்போல எறிய ஆரம்பித்துவிட்டார். அடுத்த ஆண்டு மர்ரே 140 முறை ஓடி 1,001 கெஜம், ஓட்டத்துக்கு ஏழு கெஜத்துக்கும் மேல்.

ஹர்ட்ஸ் மோதுவார். 233 முறை ஓடினார். 1,298 கெஜம், 20 டச் டவுன். அணியிலேயே அதிகம் ஓடியவர் அவர்தான். குவாட்டர்பேக் என்பவர் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் பந்தைப் பங்கிடும் ஆள். 14 ஆட்டத்தில் 233 என்றால் ஆட்டத்துக்குப் பதினாறு, பதினேழு முறை தானே பந்தைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போயிருக்கிறார்.

இந்த மாற்றத்தை ஒரே ஒரு ஆட்டத் திட்டத்தில் பார்க்கலாம். ரைலிக்கு மிகவும் பிடித்த ஓட்டத் திட்டத்தை 'கவுண்டர்' என்பார்கள். பந்து வந்ததும் ஒரு பக்கத்து கார்டும் டாக்கிளும், முன்வரிசையின் முந்நூறு பவுண்டு ஆட்கள் இரண்டு பேர், தங்கள் இடத்தை விட்டுப் பின்னால் ஓர் அடி எடுத்து மறுபக்கம் ஓடி வழி திறப்பார்கள். அவர்கள் விட்டுப்போன பக்கத்தில் தடுப்பாட்டக்காரர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தொடாமல் விட்டுவிடுவார்கள். குவாட்டர்பேக் பார்ப்பது அந்த ஒருவரைத்தான். மேஃபீல்ட் காலத்தில் இதன் பயன், எதிரணியை ஓட்டத்துக்கு ஏமாற வைத்து, பின்னால் ரிசீவருக்கு இடம் உண்டாக்குவது. மர்ரே காலத்தில் அந்தத் தொடாத ஆள் ஓட்டக்காரனைத் துரத்தினால் மர்ரே பந்தை வைத்துக்கொண்டு வெளிப்பக்கம் பறந்துவிடுவார். ஹர்ட்ஸ் வந்ததும் அடிக்கடி திட்டமே தலைகீழானது: ஓட்டக்காரன் வெளிப்பக்கம் போய் ஆளை இழுப்பான், அந்த இரண்டு பெரிய ஆட்களுக்குப் பின்னால் நடுவில் புகுவது குவாட்டர்பேக். பள்ளி நாட்களில் பவர்லிஃப்டிங் செய்தவர் ஹர்ட்ஸ். அந்த உடம்புக்கு ஏற்றபடி ரைலி திட்டத்தைத் திருப்பினார்.

விலை இல்லாமலா? மோதுகிறவர் கையிலிருந்து பந்து நழுவும். 2019 நவம்பர் 16, வேகோ நகரில் பேய்லர் அணியோடு ஆட்டம். அணியின் முதன்மை ரிசீவர் சீடீ லாம்ப் காயத்தால் இறங்கவில்லை. பேய்லர் 28-3 என்று முன்னால் போய்விட்டது. அன்று ஹர்ட்ஸ் பந்தை மூன்று முறை எதிரணியிடம் கொடுத்தார். இரண்டு நழுவல், ஒரு இண்டர்செப்ஷன். அதே ஹர்ட்ஸ் அன்று நான்கு டச் டவுன் எறிந்தார், நூறு கெஜத்துக்கு மேல் ஓடினார். இரண்டாம் பாதியில் ஓக்லஹோமா 24 புள்ளி, பேய்லர் பூஜ்யம். முடிவு 34-31. ஓக்லஹோமா வரலாற்றிலேயே இவ்வளவு பின்தங்கி மீண்டு வென்றதில்லை. குழியைத் தோண்டியதில் பாதி அவர் கை, ஏறி வந்ததும் அவர் கால். அந்த மாதம் முழுக்க இதே கதை. அயோவா ஸ்டேட்டை 42-41, டிசியுவை 28-24 என்று நூலிழையில் வென்றார்கள். இரண்டிலுமே கடைசிக் கட்டத்தில் அவர் பந்தைக் கொடுத்து வயிற்றில் புளியைக் கரைத்தார். மர்ரேயின் ஆண்டில் இந்தப் பதற்றம் இல்லை. அந்த ஆண்டு பதற்றமெல்லாம் தடுப்பாட்டத்தால் வந்தது. டெக்சஸிடம் 45 புள்ளி எடுத்தும் தோற்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஹர்ட்ஸுக்காக இரண்டு விஷயம் பேசியாக வேண்டும்.

ஒன்று, முன்வரிசை. மர்ரேக்கு முன்னால் நின்ற 2018 லைன், நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மோர் விருதை வாங்கியது. அந்த ஐந்து பேரில் நான்கு பேர், கோடி ஃபோர்ட், பாபி எவன்ஸ், ட்ரூ சாமியா, பென் பவர்ஸ், ஒரே தேர்வில் என்எஃப்எல் போய்விட்டார்கள். ஹர்ட்ஸ் வந்தபோது பழைய ஆள் என்று மிச்சம் இருந்தது சென்டர் க்ரீட் ஹம்ப்ரி மட்டும். மர்ரேயின் நீளப் பந்துகளைத் துரத்திப் பிடித்த மார்க்கீஸ் பிரௌனும் முதல் சுற்றில் போய்விட்டார். அடுப்பு மாறவில்லை என்று மேலே எழுதினேன், விறகு மாறிவிட்டது.

இரண்டாவது, காலம். இதை ஏனோ யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மேஃபீல்ட் ஹைஸ்மன் வாங்கியது ரைலியிடம் மூன்றாவது ஆண்டில். மர்ரே டெக்சஸ் ஏ அண்டு எம்-மிலிருந்து மாறி வந்ததால் அன்றைய விதிப்படி 2016 முழுக்க ஆடாமல் உட்கார்ந்தார். 2017-ல் மேஃபீல்டின் பின்னால் மாற்று ஆள். இரண்டு ஆண்டு பாடம் படித்துவிட்டுத்தான் களம் இறங்கினார். ஹர்ட்ஸ் அலபாமாவில் பட்டம் முடித்துவிட்டு ஜனவரியில் வந்து, செப்டம்பர் 1-ம் தேதி ஹூஸ்டனுக்கு எதிராக இறங்கிவிட்டார். எட்டு மாதம். அன்று 332 கெஜம் எறிந்து, 176 கெஜம் ஓடினார், ஆறு டச் டவுன்.

நியாயமாக ஒப்பிடுவதென்றால் மேஃபீல்ட் ரைலியிடம் ஆடிய முதல் ஆண்டான 2015-ஐ எடுக்க வேண்டும். 3,700 கெஜம், 36 டச் டவுன், 7 இண்டர்செப்ஷன், எறிதலுக்கு 9.4 கெஜம், ரேட்டிங் 173.3. ரைலியும் அப்போதுதான் தாக்குதல் ஆட்டப் பொறுப்பாளராக வந்திருந்தார் என்பது உண்மைதான். அப்படியும், முதல் ஆண்டுக்கு முதல் ஆண்டு என்று வைத்தால் ஹர்ட்ஸ் பல படி மேலே.

அலபாமாவில் நடந்ததையும் மறக்க முடியாது. 2018 ஜனவரி, தேசிய இறுதி ஆட்டம், ஜார்ஜியாவிடம் பாதி நேரத்தில் 13-0 பின்னடைவு. ஹர்ட்ஸை உட்காரவைத்து டுவா டாகோவைலோவாவை இறக்கினார்கள், அவர் வென்று கொடுத்தார். பெரும்பாலானவர்கள் அந்த வாரமே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். ஹர்ட்ஸ் ஒரு வருஷம் பெஞ்சில் இருந்து, அதே ஆண்டு டிசம்பரில், அதே ஜார்ஜியாவிடம், டுவா காயப்பட்டு வெளியேறியபோது இறங்கி 35-28 என்று ஜெயித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். ஒஹாயோ ஸ்டேட் மைதானத்தின் நடுவில் ஜெயித்த கையோடு கொடியை நட்ட மேஃபீல்டின் சுபாவத்துக்கும் இந்த மனிதரின் சுபாவத்துக்கும் எட்டாத தூரம். உதவித்தொகைகூட இல்லாமல் இரண்டு கல்லூரிகளில் நுழைந்த ஆளுக்கு அந்தக் கோபம் எரிபொருள். எனக்குக் கொடி நட்டது பிடிக்கும். அணித்தோழர்களுக்கு எப்படியோ, பார்க்கிறவனுக்கு மேஃபீல்டைப் போலத் தீனி போட்டவர் மூவரில் வேறு யாருமில்லை.

அரையிறுதிகளை வைத்து மூவரையும் அளப்பவர்கள் உண்டு. மேஃபீல்ட் ஜார்ஜியாவிடம் இரண்டு கூடுதல் நேரத்துக்குப் பிறகு 54-48. மர்ரே அலபாமாவிடம் 28-0 என்று விழுந்து எழுந்து 45-34. ஹர்ட்ஸ் எல்எஸ்யுவிடம் 63-28. கடைசி ஆட்டத்தில் எல்எஸ்யுவின் குவாட்டர்பேக் ஜோ பரோ முதல் பாதியிலேயே ஏழு டச் டவுன் எறிந்துவிட்டார். அதற்கு எதிரணிக் குவாட்டர்பேக் என்ன பதில் சொல்ல முடியும்? ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்று ஓட்டத்துக்கு வழி அடைபட்டபோது, 31 எறிதலில் 15-தான் சேர்ந்தது. அன்று மேஃபீல்ட் இருந்திருந்தாலும் தோற்றிருப்பார்கள், ஆனால் இருபது புள்ளியாவது குறைந்திருக்கும்.

என் வரிசை இது. ஒரே ஒரு சீசன் என்றால் மர்ரே. எறிந்ததும் ஓடியதும் சேர்த்து 5,362 கெஜம், 54 டச் டவுன். இதில் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. ஆட்டமுறை உடைந்த பிறகு பந்தை யார் கையில் வைக்க வேண்டும் என்றால் மேஃபீல்ட். ஹர்ட்ஸ் எறிவதில் மூன்றாமவர்தான், மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் 5,149 கெஜம், 52 டச் டவுன், புது முன்வரிசை, எட்டு மாத அவகாசம் என்று வைத்துப் பார்த்தால் மூவரில் கடினமான வேலை அவருக்குத்தான் வாய்த்தது. பின்னாளில் அவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்காக 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்று அதன் சிறந்த வீரரானதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது வேறு வீட்டுச் சமையல்.

நார்மனில் மைதானத்துக்கு எதிரே ஹைஸ்மன் வென்றவர்களுக்குச் சிலை வைக்கும் பூங்கா ஒன்று இருக்கிறது. ஹர்ட்ஸுக்கு அதில் இடமில்லை. அதைச் சொல்லி அங்கலாய்ப்பவர்களிடம் நான் ஜாஷ் ஹியூபலைச் சொல்வேன். 2000-ல் ஓக்லஹோமாவுக்குத் தேசியப் பட்டமே வாங்கிக் கொடுத்த குவாட்டர்பேக். அவரும் ஹைஸ்மனில் இரண்டாம் இடம்தான்; அவருக்கும் அங்கே சிலை கிடையாது.