ஹெர்குலேனியம்: மரவேலை பிழைத்திருக்கும் ஊர்

இத்தாலிக்குப் போய்ப் பழைய ரோமானிய ஊர் பார்த்தேன் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பொம்பெயியைத்தான் சொல்கிறார்கள். முதல் தடவை நானும் அங்கே மட்டும்தான் போனேன். அழைத்துப்போன பயண நிறுவனம் இரண்டே மணி நேரம் கொடுத்தது. எந்த வாசலிலும் நின்று பார்க்க முடியவில்லை, அந்த ஆதங்கம் வருஷக்கணக்காக மனசில் கிடந்தது. இந்தத் தடவை மகள் கூட்டிக்கொண்டு போனாள். எரிமலை வெடித்துப் பொம்பெயியோடு சேர்ந்து புதைந்துபோன இன்னொரு ரோமானிய ஊரான ஹெர்குலேனியத்துக்கு ஒரு முழு நாள் கொடுத்தோம். இனி யார் கேட்டாலும் முதலில் இந்த ஊரைத்தான் சொல்வேன்.

காரணம், மரம். நான் முப்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவன். பழைய ஊர் எதற்குப் போனாலும் கல் இருக்கும், செங்கல் இருக்கும், பானை ஓடு இருக்கும்; எங்கள் கைவேலை மட்டும் இருக்காது. உத்தரம் இருந்த இடத்தில் சுவரில் ஓட்டை இருக்கும், அவ்வளவுதான். ஹெர்குலேனியத்தில் அந்த உத்தரமே இருக்கிறது.

கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயியின் மேல் முதலில் நுரைக்கல் மழையாகக் கொட்டியது. பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. ஹெர்குலேனியம் மலைக்கு மேற்கே இருந்ததால் அந்த மழை இங்கே அதிகம் விழவில்லை. பிறகு கொதிக்கும் வாயுவும் சாம்பலும் அலை அலையாக இறங்கி ஊரை மூடின. காற்றுப் போக வழியில்லாததால் மரம் எரிந்து போகாமல் கரியாகி அப்படியே நின்றுவிட்டது. அதற்கு மேல் படிந்தது சுமார் 20 மீட்டர் கனத்துக்குப் பாறையாக இறுகிவிட்டது.

போவது சுலபம். நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ போகும் உள்ளூர் ரயிலில் ஏறி எர்கோலானோ ஸ்காவி நிறுத்தத்தில் இறங்கி, கடல் இருக்கும் பக்கம் சரிவில் நேராக நடந்தால் வாசல் வந்துவிடும். உள்ளே போனதும் அவசரப்பட்டு இறங்காதீர்கள். மேலிருந்து ஒரு தடவை பாருங்கள். பெரிய பள்ளத்துக்குள் பழைய ஊர். பள்ளத்தின் விளிம்பில் இன்றைய எர்கோலானோவின் மாடி வீடுகள், கொடியில் துணி காய்கிறது. அந்த வீடுகளுக்கு அடியில் பழைய ஊரின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாமல் கிடக்கிறது.

நான் அதிக நேரம் நின்றது 'மரத் தடுப்பு வீடு' என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில். முன்கூடத்துக்கும் அதற்குப் பின்னால் உள்ள அறைக்கும் நடுவே ஒரு மரத் தடுப்பு. 1738-லிருந்து, நேப்பிள்ஸை ஆண்ட போர்பன் அரசர் காலத்தில், சிலைகளைத் தேடிச் சுரங்கம் வெட்டினார்கள், அதில் தடுப்பின் நடுப்பகுதி போய்விட்டது. இரண்டு பக்கமும் மிஞ்சியதைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். "அப்பா, இது கரியா கட்டையா?" என்று மகள் கேட்டாள். இரண்டும்தான். நிறம் அடுப்புக்கரி, ஆனால் சட்டமும் பலகையும் சேரும் இடத்தில் கோடு சுத்தமாக, நேராக ஓடுகிறது. விளக்கு மாட்ட வெண்கலத்தில் கப்பல் முகப்பு மாதிரி செய்து பதித்திருக்கிறார்கள். அந்த வேலைக்காரன் அளவெடுத்துக் கோடு போட்ட நேரம் என் கண்முன்னே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே தெருப் பக்கம் இன்னொரு வீடு, மரச்சட்டம் கட்டி நடுவில் கல்லும் சாந்தும் அடைத்த சுவர். செலவு குறைவு, சீக்கிரம் எழுப்பலாம். இந்த முறையைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம், தீப்பிடிக்கும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் மாடியோடு அது நிற்பதைப் பார்த்தபோது மனசு நிறைந்தது. கடல் தெய்வம் நெப்டியூனைச் சின்னச் சின்ன வண்ணச் சில்லுகள் பதித்து மொசைக்காகச் செய்த வீட்டை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அதை ஒட்டிய கடையில் ஜாடிகள் அடுக்கிய, கரியாகிப்போன மரப் பரணையும் மறக்காமல் பாருங்கள்.

கடைசியில் பழைய கடற்கரைக்கு இறங்கினோம். படகு வைக்கும் வளைவு அறைகளில் 1980 வாக்கில் தோண்டத் தொடங்கியபோது சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதுவரை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தார்களாம். படகு வரும் என்று காத்திருந்தவர்கள். அங்கே யாரும் சத்தமாகப் பேசவில்லை. குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். பக்கத்துக் கூடத்தில் சுமார் 9 மீட்டர் நீளப் படகு ஒன்றும் இருக்கிறது.

சில வீடுகளைப் பராமரிப்புக்காக மாற்றி மாற்றி மூடுவார்கள், எனவே எல்லாமே பார்த்துவிடலாம் என்று நம்பிப் போகவேண்டாம். ஹெர்குலேனியத்தில் தோண்டித் திறந்திருக்கும் பகுதி, பொம்பெயியில் திறந்திருப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரு கதவின் முன்னால் அரை மணி நேரம் நிற்கலாம் என்பதுதான் அதன் சௌகரியம். பொம்பெயியையும் விடவேண்டாம், வண்டிச் சக்கரம் தேய்த்த தெருக்களுக்காகவே போகலாம். ஆனால் வேறொரு நாளில் போங்கள்.

நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஊரைப் பார்த்தபின் அங்குள்ள பொருள்கள் பேசும். ஹெர்குலேனியத்தில் கிடைத்த கரியான ரொட்டி ஒன்று இருக்கிறது. அதில் முத்திரை: குயின்டஸ் கிரானியஸ் வேரஸின் அடிமை கெலர். அடிமையின் பெயர் ரொட்டியில் பிழைத்திருக்கிறது. பொம்பெயியில் 1938-ல் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பமும் அங்கேதான், சுமார் 24 சென்டிமீட்டர் உயரம். லட்சுமி என்றும் யட்சி என்றும் சொல்கிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியா, சின்ன மேசையின் காலா என்றும் முடிவாகவில்லை. உச்சந்தலையில் மேலிருந்து கீழாக ஒரு துளை இருக்கிறது. நான் குனிந்தும் நிமிர்ந்தும் ரொம்ப நேரம் பார்த்தேன். என் கைக்கு அது கால் என்றுதான் பட்டது.