கார்டு பூட்டு, கார்டு ஸ்விட்ச், சென்சார்: விடுதி அறைகளில் பல வருஷம் ஓடிய பிறகு

விடுதி அறைக் கதவில் கார்டு பூட்டு மாட்டிய முதல் வருஷம் எந்தக் குறையும் கண்ணில் படாது. அதன் தரம் தெரிய இரண்டாவது மழைக்காலம் வரவேண்டும். கடற்கரை, மலை, கோயில் ஊர் என்று எங்கே இருந்தாலும், 20 முதல் 60 அறைகள் உள்ள விடுதிகளில் இந்தப் பூட்டும், அதோடு சேர்த்து விற்கப்படும் மின்சேமிப்புக் கார்டு ஸ்விட்சும் (கார்டைச் செருகினால்தான் அறைக்கு கரண்ட் தருவது) ஆள் இருப்பதை அறியும் சென்சாரும் காலப்போக்கில் எங்கே மக்கர் செய்கின்றன, அதற்கு என்ன வழி என்பதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பூட்டு தாராளமாக வாங்கலாம். கார்டு ஸ்விட்ச், வயரிங்கை மாற்றத் தயாராக இருந்தால் மட்டும். போனிலேயே கதவைத் திறக்கும் மொபைல் சாவிக்கு அவசரமே இல்லை.

நம் ஊரில் சிறிய விடுதிகளுக்கு விற்கப்படும் பூட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ரிசப்ஷன் கம்ப்யூட்டரோடு எந்தத் தொடர்பும் கிடையாது. வயர் இல்லை, வைஃபை இல்லை. ரிசப்ஷனில் இருக்கும் என்கோடர், கார்டில் அறை எண்ணையும் கெடு நேரத்தையும் ஒரு வரிசை எண்ணையும் எழுதுகிறது. பூட்டு அதைப் படித்து, தன் உள்ளே ஓடும் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் தானே முடிவெடுக்கிறது. புது வரிசை எண்ணோடு ஒரு கார்டு வந்தால் பழைய கார்டை ஒதுக்கிவிடுகிறது. கரண்ட் போனாலும் நெட் போனாலும் கதவு திறப்பது இதனால்தான். ரிசப்ஷனுக்கு வரும் பல புகார்களின் வேரும் இதுவே.

கணவர் கையில் ஒரு கார்டு இருக்கும்போது மனைவி வந்து இன்னொன்று கேட்பார். டூட்டியில் இருப்பவர் "டூப்ளிகேட்" என்பதற்குப் பதில் "நியூ கெஸ்ட்" அமுக்கிவிட்டால், இரண்டாவது கார்டு கதவைத் தொட்ட நொடியே முதல் கார்டு செத்துவிடும். அதேபோல, தொலைந்த கார்டுக்குப் பதில் புதுக் கார்டு போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்தப் புதுக் கார்டைக் கதவில் ஒருமுறை காட்டும்வரை தொலைந்த கார்டு வேலை செய்துகொண்டே இருக்கும், ஏனென்றால் பூட்டுக்கு விஷயமே தெரியாது. ரூம் பாயை உடனே மாடிக்கு அனுப்பித் தொடச் சொல்வது வழக்கமாகவே ஆகவேண்டும். பல அறைகளைத் திறக்க ஊழியரிடம் இருக்கும் மாஸ்டர் கார்டு தொலைந்தால் அந்த மாஸ்டருக்கு உட்பட்ட எல்லாக் கதவுகளுக்கும் நடக்க வேண்டியிருக்கும். ஆகவே மொத்த விடுதிக்கும் ஒரே மாஸ்டர் வைக்காமல் மாடிவாரியாகப் பிரித்து, ஷிப்ட் முடியும் நேரத்தையே அதன் கெடுவாகப் போடுங்கள்.

கெடு என்றதும் ஒன்று. பல மென்பொருள்களில் செக்-அவுட் நேரம் பகல் 12 மணி என்றுதான் வரும். ராமேஸ்வரம், பழனி மாதிரி ஊர்களில் 24 மணி நேரக் கணக்கில் அறை கொடுக்கும் லாட்ஜ்கள் நிறைய. மாலை 6 மணிக்கு அறை எடுத்தவர் மறுநாள் தரிசனம் முடித்துப் பகல் ஒரு மணிக்குத் திரும்பினால் கதவு திறக்காது. செட்டிங்கில் ஒரே ஒரு இடத்தில் மாற்ற வேண்டியதுதான். மாற்றாமல் பூட்டைக் குறை சொல்லும் விடுதிகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

கடிகாரத்துக்கு வருவோம். பூட்டின் உள்ளே இருப்பது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில் பிசகினால்கூட வருஷத்துக்குச் சுமார் 10 நிமிஷம்தான் மாறும், அது ஒரு பொருட்டல்ல. பேட்டரி மாற்றும்போதுதான் சிக்கல். பழைய செல்லைக் கழற்றிப்போட்டுவிட்டுப் புதியதை எடுத்துவரக் கீழே போனால், திரும்பி வருவதற்குள் சில மாடல்களில் நேரம் அழிந்துவிடும். பிறகு சரியான கார்டையும் பூட்டு ஏற்காது. பூட்டுக்குள் நேரத்தை ஏற்றும் க்ளாக் கார்டைக் காட்டிச் சரிசெய்யலாம். ஆனால் விலை குறைந்த சிஸ்டங்களில் அந்தக் கார்டில் பதிவாவது என்கோடரில் எழுதிய கணத்தின் நேரம். எழுதி 20 நிமிஷம் கழித்துக் கடைசி அறைக்குப் போனால் அந்தப் பூட்டு 20 நிமிஷம் பின்தங்கி ஓடும். மாடிக்கு ஒருமுறை புதிதாக எழுதிக்கொண்டு போவது நல்லது. ஒரே நாளில் எல்லா அறைகளிலும் கார்டு மறுத்தால் பூட்டைத் தொடாதீர்கள். ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்து, தேதி பல வருஷம் பின்னால் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பேட்டரி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பெரும்பாலான பூட்டுகளுக்கு நான்கு ஏஏ அல்கலைன் செல், மொத்தம் 6 வோல்ட். சுமார் 4.8 வோல்ட்டுக்கு இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும். ரீசார்ஜ் செல் ஒன்று 1.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 4.8. போட்ட அன்றே எச்சரிக்கை வருவதற்குக் காரணம் இதுதான், பூட்டில் கோளாறு இல்லை. டிவி ரிமோட்டுக்கு வாங்கும் மலிவு செல் மீட்டரில் 1.5 காட்டும், மோட்டார் சுற்றும் நொடியில் படுத்துவிடும். அதனால் கார்டைக் காட்டி மோட்டார் ஓடும்போது அளந்து பாருங்கள். செல்லுக்கு 1.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் நான்கையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். மாற்றிய தேதியை மார்க்கரால் செல் மேலேயே எழுதிவைக்கலாம். எச்சரிக்கை விளக்கை விருந்தினர் கவனிக்க மாட்டார். தினமும் எல்லாக் கதவையும் திறப்பவர் ஹவுஸ்கீப்பிங் ஆள், அவருடைய தினசரித் தாளில் இதற்கு ஒரு கட்டம் சேர்த்தால் போதும். கொடைக்கானலில் சீசன் தொடங்கும் முன்பே மாடிவாரியாக மாற்றி முடிப்பது புத்திசாலித்தனம். செல் கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பட்ஸில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு புது செல் போடுங்கள்.

பூட்டைவிடக் கதவுதான் அதிகம் படுத்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு உப்பும். அப்போது பூட்டின் நாக்கு, நிலையில் அது போய் விழும் தகடான ஸ்ட்ரைக் பிளேட்டின் ஓரத்தில் இடிக்கும், விருந்தினர் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திறப்பார், அந்த இழுவை, கைப்பிடியை நாக்கோடு இணைக்கும் கிளட்சைத் தின்றுவிடும். சோதனை சுலபம். மழை நாளில் கதவை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளுங்கள், நாக்கு தானாக விழ வேண்டும். விழவில்லை என்றால் கார்பெண்டரைக் கூப்பிட்டு ஸ்ட்ரைக் பிளேட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ராவச் சொல்லுங்கள். கதவின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் தடவிப் பாருங்கள். பெயின்டர் முன்னும் பின்னும் அடித்துவிட்டு அந்த இரண்டு விளிம்பையும் பெயின்ட் படாத வெறும் மரமாகவே விட்டிருப்பார். ஈரம் ஏறுவது அங்கேதான். கதவைக் கழற்றி இரண்டு கோட் வார்னிஷ் அடித்தால் அடுத்த மழைக்கு நிம்மதி.

கடற்கரையில் இதோடு துருவும் சேர்ந்துகொள்ளும். ஈசிஆர் ரிசார்ட்டுகளில் 304 ரக எஃகுக் கைப்பிடி பழுப்புப் புள்ளி விடும். மாலிப்டினம் சேர்ந்த 316 உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும், விலை கூடினாலும் கடலைப் பார்த்த வரிசைக்கு மட்டுமாவது அதைக் கேளுங்கள். பாத்ரூம் டைல்ஸுக்கு ஊற்றும் ஆசிட்டின் புகையும் எஃகை அரிக்கும், அந்த வழக்கத்தை நிறுத்தாமல் 316 வாங்கிப் பயனில்லை. பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், உப்பும் தூசியும் அதில் ஒட்டிப் பசையாகிவிடும். சாவித் துவாரத்துக்குக் கிராஃபைட் தூள் போதும்.

பாதுகாப்பைப் பற்றிக் கடைக்காரர் பேசமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் மைஃபேர் கிளாசிக் கார்டின் சங்கேதம் 2008லேயே உடைக்கப்பட்டுவிட்டது. இன்றும் மலிவுப் பூட்டுகளோடு அதுதான் வருகிறது. 2012ல் ஆனிட்டி நிறுவனப் பூட்டுகளின் அடியில் இருந்த துளை வழியாகக் கதவைத் திறந்து காட்டினார் ஓர் ஆய்வாளர். 2024 மார்ச்சில் வெளியான "அன்சாஃப்லாக்" ஆய்வு, சாஃப்லாக் வகைப் பூட்டுகள் சுமார் 30 லட்சம் கதவுகளில் இருப்பதாகவும், அந்த விடுதியின் ஏதோ ஒரு கார்டு கிடைத்தாலே எந்தக் கதவையும் திறக்கும் ஜோடிக் கார்டுகளை உருவாக்கலாம் என்றும் காட்டியது. சரிசெய்ய ஒவ்வொரு பூட்டையும் தனித்தனியாக அப்டேட் செய்ய வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான், பூட்டு நெட்டில் இல்லை. புதிதாக வாங்குவோர், மைஃபேர் கிளாசிக்கைவிடப் பலமான சங்கேதம் உள்ள டெஸ்ஃபயர் ஈவி2 அல்லது ஈவி3 கார்டைப் படிக்கும் மாடலையே கேளுங்கள். எந்த மாடலானாலும், உள்ளிருந்து கைப்பிடியை ஒருமுறை இறக்கினால் நாக்கும் தாழும் சேர்ந்தே விலக வேண்டும், பேட்டரி இல்லாமலும். தீ விபத்தில் உயிர் காப்பது அது. இதில் சமரசமே கூடாது.

இனி கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்டு ஸ்விட்ச். அதன்மேல் எழுதியிருக்கும் 30, 40 ஆம்பியரை நம்பி ஏசி, கீசர் இரண்டையும் அதன் வழியே விடுவதுதான் பெரிய தப்பு. 3 கிலோவாட் கீசர் மட்டுமே 13 ஆம்பியர் இழுக்கும், 1.5 டன் ஏசி 7, 8 ஆம்பியர். உள்ளே கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சின்ன ரிலேயின் முனைகள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கார்டை எடுத்தாலும் விளக்கு அணையாது, மிச்சமாக வேண்டிய மின்சாரம் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். டிபியில் (மின் விநியோகப் பெட்டியில்) 32 ஆம்பியர் இரட்டைத் துருவ கான்டாக்டர், அதாவது பெரிய லோடைத் தாங்கும் ரிலே, ஒன்று போட்டு, ஸ்விட்ச் அதன் காயிலை மட்டும் இயக்கும்படி எலக்ட்ரீசியனிடம் சொல்லுங்கள். ஃபிரிட்ஜுக்கும் கட்டில் ஓரச் சார்ஜிங் பாயின்ட் ஒன்றுக்கும் தனி லைன் கொடுங்கள். கொடுக்காவிட்டால் விருந்தினர் விசிட்டிங் கார்டைச் செருகிவிட்டுப் போவார், அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. விடுதிக் கார்டை மட்டும் ஏற்கும் ஸ்விட்ச் இருக்கிறது. ஆனால் தனி லைன் கொடுத்தாலே ஏமாற்றும் தேவை பெருமளவு குறைந்துவிடும்.

கார்டை எடுத்ததும் ஏசியின் கரண்ட்டை ஒரேயடியாக வெட்டுவது கடலோர அறைக்கு ஆகாது. ஏசிக்குள் குளிரூட்டும் காயில் ஈரத்தோடு நிற்கும், சில நாளில் பூஞ்சை வாடை வரும், மெத்தைக்கும் ஏறும். 27, 28 டிகிரிக்கு ஏற்றிவிடும் கன்ட்ரோலர் இருந்தால் அதுவே மேல். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கரண்ட் திரும்பியதும் தானாக ஓடும் ஆட்டோ-ரீஸ்டார்ட் உள்ள ஏசியாகப் பாருங்கள்.

ஆள் இருப்பதை அறியும் சென்சாரில், சாதாரண பிஐஆர் (உடல் வெப்பத்தை உணரும் வகை) அசைவை மட்டுமே பார்க்கும். போர்வைக்குள் தூங்குபவர் அதற்குக் காலி அறை, நடுராத்திரியில் ஏசி நின்று புழுக்கத்தில் எழுந்து ரிசப்ஷனுக்குப் போன் செய்வார். கதவில் ஒரு காந்த கான்டாக்ட் சேர்த்தால் தீர்வு கிடைக்கும். கதவு மூடிய பிறகு ஒரே ஒரு அசைவு தெரிந்தாலும், அடுத்த முறை கதவு திறக்கும்வரை அறையில் ஆள் இருப்பதாகவே கணக்கு. மூச்சசைவைக்கூட உணரும் எம்எம்வேவ் ரேடார் வகை புதிது, நம்பிக்கை தருவதும்கூட. ஆனால் நம் அறைகளில் சீலிங் ஃபேன் உண்டு. இறக்கை சுற்றுவதையே ஆள் என்று எடுத்துக்கொண்டு ஏசியை ஓடவிடும். மூலையில், ஃபேன் மட்டத்துக்குக் கீழே, கட்டிலை நோக்கி மாட்டி, உணர்திறனைக் குறைத்துச் சோதித்த பிறகே மற்ற அறைகளுக்கு வாங்குங்கள்.

மொபைல் சாவியை ஹில்டன் ஹோட்டல் சங்கிலி 2015லேயே கொண்டுவந்தது. பெரிய சங்கிலிகளுக்கு அது பொருந்தும். நம் ஊரில் அடையாள அட்டையை எப்படியும் ரிசப்ஷனில் பார்க்கத்தான் வேண்டும், வெளிநாட்டவர் என்றால் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் ஏற்றவும் வேண்டும். கவுன்டருக்கு வந்து நிற்பவர் கையில் கார்டு கொடுக்க ஐந்து நொடி போதும், அவரை ஆப் இறக்கச் சொல்வது எந்த விதத்தில் வசதி? ரோபோவும் அப்படித்தான். நாகசாகி அருகே 2015ல் ரோபோக்களோடு திறந்த ஹென் நா ஹோட்டல், 2019ல் அவற்றில் பாதிக்குமேல் ஓய்வு கொடுத்தது. குறட்டைச் சத்தத்தைக் கேள்வி என்று எண்ணி விருந்தினரை எழுப்பியது ஓர் அறைப் பொம்மை.

ஆர்டர் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்கவேண்டியவை சில உண்டு. இரண்டாவது என்கோடர் ஒன்று, பத்து அறைக்கு ஒன்று வீதம் உதிரிப் பூட்டு, வெளியிலிருந்து அவசர மின்சாரம் கொடுக்கும் முனை, மெக்கானிக்கல் சாவி, மென்பொருளின் லைசென்ஸ் நகல். எல்லாவற்றுக்கும் மேலாக விடுதிக்கென்று உள்ள சிஸ்டம் கோடு, அதாவது பூட்டுகளையும் என்கோடரையும் இணைக்கும் ரகசிய எண். ஹார்ட் டிஸ்க் போய் அந்தக் கோடும் தெரியாவிட்டால், ஒவ்வொரு பூட்டையும் கழற்றி முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். ஆஸ்திரியாவின் யேகர்விர்ட் ஹோட்டலில் ரான்சம்வேர் (கம்ப்யூட்டரை முடக்கிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தபோது, உள்ளே இருந்தவர்கள் யாரும் அடைபடவில்லை. புதுக் கார்டு எழுத முடியாமல் போனதுதான் நிர்வாகத்தைப் பணம் கட்ட வைத்தது. கார்டு எழுதும் கம்ப்யூட்டரில் மெயிலும் பார்க்காதீர்கள், பென் டிரைவும் செருகாதீர்கள். வாரம் ஒருமுறை டேட்டாபேஸை வெளி டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு டிஸ்கைக் கழற்றி வையுங்கள். சிஸ்டம் கோட்டைக் காகிதத்தில் எழுதி லாக்கரில் பூட்டி வையுங்கள்.