விழித்திரை எலெக்ட்ரோடுகளோடு ஆறு வருடம்: எது தாங்கியது, எது கழன்றது

பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் பொருத்தி, அங்குள்ள நரம்புகளை மின்சாரத்தால் தூண்டும் எலெக்ட்ரோடுகளை (குட்டி மின்முனைகளை) ஆறு வருடமாக ஆய்வகத்தில் சோதித்து வருகிறேன். அவை பதித்த சில்லை 67 டிகிரி உப்புநீரில் ஊறப்போட்டு, இரவு பகலாக மின்துடிப்பு கொடுத்து, எது முதலில் கெடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. உடல் சூடான 37-க்கு மேல் பத்து டிகிரி ஏற ஏற, கெடும் வேகம் இரு மடங்காகும் என்பது தோராயக் கணக்கு. அதன்படி இங்கே ஒரு நாள், உடலுக்குள் எட்டு நாள்.

பிளாட்டினம் நம்பகமானது, ஆனால் மின்னூட்டம் தருவதில் கஞ்சன். 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரைக் கருவியில் 60 பிளாட்டின எலெக்ட்ரோடுகள், ஒவ்வொன்றும் 200 மைக்ரான். “சின்னதாக்கி நிறைய வைக்க வேண்டியதுதானே?” என்று கேட்காத ஆள் இல்லை. விட்டத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்வாசியாகிவிடும். அதே மின்னூட்டம் அந்தக் கால்வாசி இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் கவனக்குறைவாக அளவை மீறி விட்டுவிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், திறந்த சோடா பாட்டில் மாதிரி பொடிப்பொடியாக ஹைட்ரஜன் குமிழிகள். நல்லவேளை, அடியில் யாருடைய விழித்திரையும் இல்லை.

அப்புறம் பெடாட் என்ற கடத்தும் பாலிமர். முதல் வாரம் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) இறங்கிய வேகத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். ஐந்தாவது வாரம் பால் ஆடை போல ஓரத்தில் சுருண்டு கழன்றது. வேறு இரண்டு ஒட்டுப்படலம் மாற்றியும் அதே கதைதான்.

என் ஓட்டு இரிடியம் ஆக்சைடுக்கு. பூசுவது சள்ளை பிடித்த வேலை. ஆனால் அதே பரப்பில் பிளாட்டினத்தைவிடப் பல மடங்கு மின்னூட்டம் தரும். 2 மில்லிமீட்டர் சில்லில் 378 பிக்சல் வைத்திருக்கும் பிரிமா என்ற இன்னொரு விழித்திரைக் கருவியின் வழியும் இந்தப் பூச்சுதான். அதில் எனக்குப் பொறாமை வேறொன்றில்: அதற்கு ஒயரே கிடையாது. நோயாளி போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியை பிக்சலே மின்சாரமாக்கிக்கொள்கிறது.

பொறாமைக்குக் காரணம் இருக்கிறது. என் சில்லுகளில் பாதிக்கு மேல் செத்தது எலெக்ட்ரோடால் அல்ல, ஒயர்த்தடத்தின் மேலுறையால். போன மாதம் கெட்டதைப் பிரித்துப் பார்த்தேன். இரிடியம் பூச்சு போட்ட அன்று இருந்தபடியே கருநீலமாக இருந்தது. மேலுறையான பாலிஇமைடு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே உப்புநீர் புகுந்து, பக்கத்துப் பக்கத்துத் தடங்கள் இரண்டு ஒன்றாகியிருந்தன.