அக்டோபர் கல்யாணக் கவுன்: டச்சஸ் சாட்டினா, மிகாடோவா, கிரேப்பா?

லண்டனில் சர்ச் கல்யாணம், தேதி அக்டோபர் கடைசி என்று முடிவானதுமே வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "குளிருமே, வெல்வெட் எடுக்கலாமா?" கவுன் தைத்தும் திருத்தியும் கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், குளிரைச் சமாளிக்க வெளித்துணியை நம்பாதீர்கள். அதற்கு நீளக்கை, நல்ல லைனிங், மேலே போட ஒரு கோட் போதும். வெளியே நிற்பது போட்டோ எடுக்கும் கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் ஹீட்டர் போட்ட மண்டபத்தில், கூட்டத்தின் நடுவே ஆடிக்கொண்டிருப்பீர்கள். இந்தப் பருவத்தில் துணி ஈடுகொடுக்க வேண்டியது காற்றுக்கும் ஈரத்துக்கும் மங்கல் வெளிச்சத்துக்கும்.

காற்று என்றால் என்ன என்று பார்க்க, இளவரசி யூஜினியின் கல்யாண வீடியோவைப் போட்டுப் பாருங்கள். 2018 அக்டோபர் 12, வின்ட்சர். வந்த விருந்தாளிகள் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். மணப்பெண்ணின் கவுன் மட்டும் அசராமல் நின்றது. பட்டு, பருத்தி, விஸ்கோஸ் மூன்றும் கலந்து அவருக்கென்றே நெய்த ஜக்கார்ட் அது, அதாவது நெசவிலேயே பூவேலை வரும் துணி. கனமும் இருந்தது, விறைப்பும் இருந்தது. முக்காடு வேண்டாம் என்று விட்டதும் அன்றைய காற்றுக்கு நல்லதாகப் போயிற்று.

கனமும் விறைப்பும் என்று வந்துவிட்டால் கடையில் உங்கள் முன் விரிப்பது பெரும்பாலும் இரண்டு: டச்சஸ் சாட்டின், மிகாடோ. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் தெரிவது பளபளப்பு. டச்சஸ் கண்ணாடிபோல் வழவழவென்று மின்னும். மிகாடோவில் மேலே மெல்லிய சாய்கோடு ஓடுவதால் வெளிச்சம் சிதறி, அடக்கமான மினுமினுப்பு வரும். எலிசபெத் ராணி 1947 நவம்பர் 20 அன்று தன் கல்யாணத்தில் உடுத்தியது டச்சஸ்தான். போர் முடிந்து துணிக்கு ரேஷன் கூப்பன் இருந்த காலத்தில் டிசைனர் நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்த அந்தக் கவுனில் சுமார் 10,000 முத்துகள். முத்துவேலை, கல்வேலை இவ்வளவையும் தாங்க டச்சஸ் சரியான துணி.

ஆனால் டச்சஸில் ஊசி குத்தினால் ஓட்டை நிற்கும். தையலைப் பிரித்துவிட்டால் பழைய கோடு அப்படியே தெரியும். கல்யாணத்துக்கு முன் எடை கூடும் குறையும் என்று தோன்றினால், திருத்துகிறவளின் பாடு உங்களுக்குத் தெரியாது. மிகாடோவிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் அதன் மேற்பரப்பு அதைக் கொஞ்சம் மறைக்கும். மடிப்பு வைத்த பெரிய பாவாடை, பாக்கெட், முதுகில் பெரிய ரிப்பன் முடிச்சு (போ) எல்லாம் மிகாடோவில் கத்தி மாதிரி நிற்கும். மேகம் மூடிய பிற்பகலில் போட்டோவுக்கு நான் மிகாடோ பக்கம்தான். டச்சஸ் ஃப்ளாஷ் அடித்தால் ஆங்காங்கே வெள்ளைத் திட்டாக வெடிக்கும், கசங்கலும் நிழல் விழுந்து பெரிதாகத் தெரியும்.

கிரேப் வேறு ஜாதி. இழையை முறுக்கி நெய்வதால் மேலே மணல்போலப் பொறிப்பொறியாக இருக்கும், பளபளப்பே இருக்காது, உடம்போடு ஒட்டி வழியும். மூன்றில் கசங்கல் குறைவு இதில்தான். காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இறங்கினாலும் மானம் போகாது. நீளக்கை, மூடிய கழுத்து, பின்னால் தரையில் இழுபடும் சிறு வால் (ட்ரெயின்) என்று இலையுதிர் காலத்துக்குத் தோதான வெட்டு கிரேப்பில் அழகாக வரும். சங்கடம் என்னவென்றால் உள்ளே போட்டிருப்பதெல்லாம் காட்டிக்கொடுக்கும். மெல்லிய கிரேப் என்றால் பட்டன் தழும்புகூடத் தெரியும். கனமான கிரேப், முழு லைனிங் என்று கேட்டு வாங்குங்கள். இழைக்குச் சாய்வாக, குறுக்கு வெட்டில் தைத்த கிரேப் கவுன் தொங்கத் தொங்க நீளும். அதனால் அளவு பார்த்த அன்றே கீழ்மடிப்பு அடிக்க விடாதீர்கள். ஒரு நாளாவது ஹேங்கரில் தொங்கட்டும், அப்புறம் அடிக்கலாம்.

வெல்வெட்டை ஒரே பேச்சில் முடித்துவிடலாம். உட்கார்ந்த இடத்தில் ரோமம் படிந்து தடம் விழும், இஸ்திரி போட முடியாது, ஆவிதான் காட்ட வேண்டும். தோளில் போடும் கேப்புக்கு, கைக்கு, இடுப்புப் பட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கவுன் முழுக்க வேண்டாம். டஃபெட்டா என்ற மெல்லிய விறைப்பான துணி சரசரக்கும், காற்றில் உப்பும். 1981 ஜூலையில் டயானா தன் கல்யாணத்துக்கு டஃபெட்டா கவுனில் சர்ச் வாசலில் வண்டியை விட்டு இறங்கியபோது அந்த 25 அடி ட்ரெயின் எப்படிக் கசங்கியிருந்தது என்று உலகமே பார்த்தது. வண்டியில் திணித்து ஏறப்போகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம்.

லேஸும் நெட்டும் பூங்காவில் போட்டோ எடுக்கிறவர்களுக்குத் தலைவலி. நெட் பாவாடை காய்ந்த இலையையும் குச்சியையும் கூட்டிக்கொண்டே நடக்கும். நம் பெண்களுக்கு வளையல், மோதிரம், ஒட்டியாணம் வேறு. மெல்லிய ஷான்டில்லி லேஸ் அதில் மாட்டினால் கிழிசல்தான். லேஸ் வேண்டும் என்றால் மேல்பாதியிலும் கையிலும் கயிறு ஓடிய தடித்த லேஸாக வையுங்கள். பூவோரமாக வெட்டி ஒட்டித் தைத்தால் இணைப்பே தெரியாது, திருத்தவும் சுலபம்.

இனி பட்டா, பாலியஸ்டரா? சாட்டின், கிரேப் என்பதெல்லாம் நெசவின் பெயர், துணியின் பெயர். இழை பட்டாகவும் இருக்கலாம், பாலியஸ்டராகவும் இருக்கலாம். விலை பல மடங்கு வித்தியாசப்படுவது இங்கேதான். மனசு பட்டைக் கேட்கும். ஆனால் பட்டு சாட்டினில் மழைத்துளி விழுந்து காய்ந்தால் வட்டக் கறை நிற்கும், ஈரப் புல்லில் இழுபட்ட கீழ்மடிப்பு தண்ணீரை மேலே உறிஞ்சும். பாலியஸ்டர் அவ்வளவு உறிஞ்சாது. பதிலுக்கு, ஆடும்போது வியர்வையை வெளியே விடாது, ஹீட்டரின் வறண்ட காற்றில் லைனிங் காலோடு ஒட்டிக்கொள்ளும். அக்டோபரில் வெளியே நிறைய நடக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது, வெளித்துணி நல்ல பாலியஸ்டர் மிகாடோ, உடம்பைத் தொடும் லைனிங் மட்டும் பட்டு. சேறு பட்டால் ஈரத்துணியால் தேய்க்காதீர்கள், காயவிட்டுத் தட்டிவிடுங்கள். ட்ரெயினைத் தூக்கிக் கொக்கியில் மாட்ட பின்பக்கம் வளையம் வைக்கச் சொல்லுங்கள்.

நிறத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, ஐவரி என்ற தந்த வெள்ளைதான். மங்கல் வெளிச்சத்தில் பளீர் வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும், மாநிறத் தோலுக்கு அது கொஞ்சமும் ஒத்துவராது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைத்துவிட்டால் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், அதையும் யோசியுங்கள்.

இந்தப் போட்டியில் கடையில் கிடைக்காத ஒன்றும் உண்டு: அம்மா தன் கல்யாணத்தில் உடுத்திய கிரீம் காஞ்சிபுரம். அதன் விறைப்பு மிகாடோவுக்குச் சளைத்ததில்லை. சேலை அகலம் ஏறக்குறைய 48 அங்குலம், இடுப்பிலிருந்து தரைக்கு 42 அங்குலம் என்றால் சேலையைப் படுக்கைவாட்டில் சுற்றிக் கொசுவம் வைத்தாலே பாவாடை வந்துவிடும், கீழ் பார்டர் விளிம்பாக நேரே ஓடும். இடுப்பில் குறுகிக் கீழே விரியும் ஏ-லைன் வெட்டு கேட்காதீர்கள். விளிம்பு வளைந்துவிடும், ஜரிகை பார்டர் வளையாது. முந்தானையில் மேல்பாதி தைக்கலாம். ஆனால் பல வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்த சேலை என்றால், வெட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து மடிப்புக் கோட்டைப் பாருங்கள். பட்டும் ஜரிகையும் முதலில் முறிவது அங்கேதான். முறிந்த இடம் கொசுவத்துக்குள் போகலாம், மார்புக்கும் முதுகுக்கும் வரக்கூடாது, இழுப்பு முழுக்க அங்கே விழும்.